இரவு வண்டி ஆற்றுப்படை



பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை என்றும் வழங்கும் மலைபடுகடாம் ஆகிய ஐந்தும் வழிச்செல்வோரை முன்னிறுத்தி எழுந்தவை. முருகாற்றுப்படை அருள்வழி காட்டுவது. ஏனைய நான்கிலும், பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் இன்னொருவனுக்கு வழி சொல்கிறான். வள்ளலின் புகழைப் பாடுவதே அந்நூல்களின் முதன்மை நோக்கம். எனினும் அப்புகழுக்கு ஊடே, எந்த நிலத்தில் என்ன உணவு கிடைக்கும், எங்கே தங்கலாம், எதற்கு அஞ்ச வேண்டும் என்னும் செய்திகள் விரவிக் கிடக்கின்றன. மலைபடுகடாம் இவ்வகையில் மிக நுட்பமானது. விலங்குகளுக்குப் பொறி வைத்த வழியை இருளில் கடக்க வேண்டா, பொழுது புலர்ந்தபின் செல்க என்று அது எச்சரிக்கிறது; இரவில் மலைக்குகைகளில் தங்குமாறு சொல்கிறது.

பழந்தமிழ் வழிப்போக்கனுக்கு இரவு நடையை நிறுத்தும் பொழுது. இன்றைய தமிழனுக்கோ இரவு ஊர்கடக்கும் பொழுதாகிவிட்டது. மாலையில் தாமிரவருணிக் கரையில் வண்டி ஏறியவர், விடியலில் கூவத்தின் கரையில் இறங்குகிறார். இடைப்பட்ட நாடு முழுவதும் அவர் துயிலில் கழிகிறது. இவ்வாறு இரவையும் துயிலையும் ஒரு வண்டியிடம் ஒப்படைக்கும் பயணிக்கு, எவ்வண்டியைத் தேர்வது, அதில் எவ்விடத்தைத் தேர்வது என்று வழிகூறும் ஆற்றுப்படை ஒன்று தேவைப்படுகிறது. இவ்வுரையின் பொருள் அதுவே.

பொதுவாகப் பேசுவதைக் காட்டிலும் ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு பேசுவது தெளிவு தரும். தென்காசி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் எழுபது வயது மூதாட்டி ஒருவரைக் கருதுவோம். அவருக்கு இதய நோய். முழங்கால் வலியும் உண்டு. சென்னையில் உள்ள மருத்துவமனை ஒன்றில் முற்பகல் பத்து மணிக்கு அவர் இருந்தாக வேண்டும். உடன் செல்பவர் அவருடைய மகன். நாட்கூலிக்கு ஈடான சிறு தொழில் செய்பவர். இரண்டு பகல்களை இழந்தால் அவ்வாரத்துச் செலவுக்கே இடர் நேரும். இவர்கள் எவ்வண்டியில் செல்ல வேண்டும்?

விரைவும் துயிலும்

பயணம் என்றவுடன் விரைவே சிறப்பு என்று எண்ணுவது இயல்பு. 1977 ஆகஸ்ட் 15 அன்று மதுரைக்கும் சென்னைக்கும் இடையே வைகை விரைவு வண்டி ஓடத் தொடங்கியபோது, பகலிலேயே தலைநகரை அடையலாம் என்பது தென்மாவட்டத்தாருக்குப் பெரும் புதுமையாக இருந்தது. 2019இல் தேஜஸ் வண்டியும், 2023 செப்டம்பரில் சென்னை - திருநெல்வேலி வந்தே பாரத் வண்டியும் வந்தன. இவை பகல் வண்டிகள். உட்கார்ந்தே செல்ல வேண்டியவை. உடல் நலம் உள்ளவர்க்கு இவை நல்ல ஏற்பாடு. ஆயினும் முழங்கால் வலியுள்ள மூதாட்டி எட்டு மணி நேரம் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்தால், சென்னையில் இறங்கும்போது கால்கள் வீங்கியிருக்கும். மேலும், பகலில் சென்று சேர்பவர் அன்றிரவு தங்க அறை எடுக்க வேண்டும். மகனுக்கு அப்பகல் கூலியும் போகும். இரவு வண்டியோ ஒரே கட்டணத்தில் போக்குவரத்தும் தங்குமிடமும் தருகிறது. ஏழை எளியோர் இரவு வண்டியை நாடுவதற்கு முதற்காரணம் இக்கணக்கே.

ஆதலின் இரவு வண்டியைத் தேர்வோர் விரைவைப் பார்க்க வேண்டா. துயில்நேரத்தைப் பார்க்க வேண்டும். இரவு பதினொன்றரைக்கு ஏறி அதிகாலை நான்கு மணிக்கு இறங்கச் செய்யும் விரைந்த வண்டியைவிட, இரவு ஒன்பது மணிக்குப் புறப்பட்டுக் காலை ஆறு மணிக்குச் சேர்க்கும் மெதுவான வண்டியே மேலானது. முன்னது துயிலை இருபுறமும் வெட்டுகிறது. பின்னது ஒரு முழு இரவைத் தருகிறது. சென்னை சென்ட்ரலிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் நீலகிரி விரைவு வண்டி இதற்கு நல்ல சான்று. இரவு உணவுக்குப் பின் புறப்பட்டு, காலையில் உதகை செல்லும் மலை வண்டிக்குப் பயணிகளைக் கொண்டுசேர்க்கும் வகையில் அதன் நேரம் அமைக்கப்பட்டுள்ளது.

இரண்டாவது, வண்டி எங்கே பிறக்கிறது என்பது. தம் ஊரிலோ அருகிலோ புறப்படும் வண்டி கழுவித் துடைத்து, நீர் நிரப்பி, பெரும்பாலும் உரிய நேரத்தில் நிற்கும். தொலைதூரத்திலிருந்து இரண்டு இரவுகள் ஓடிவந்து வழியில் நிற்கும் வண்டியில் ஏறுபவர், பிறர் உறங்கி எழுந்த படுக்கையையும், நீர் தீர்ந்த கழிவறையையும், சில மணி நேரத் தாமதத்தையும் ஏற்கச் சித்தமாக இருக்க வேண்டும். மூன்றாவது, வண்டி எங்கே முடிகிறது என்பது. கடைசி நிலையத்தில் இறங்குபவர் அச்சமின்றி உறங்கலாம். நள்ளிரவில் விருத்தாசலத்திலோ விழுப்புரத்திலோ இறங்க வேண்டியவர் கடிகாரத்தை மார்பில் வைத்துக்கொண்டே படுக்கிறார். அது துயில் ஆகாது.

இம்மூன்றையும் கூட்டிப் பார்த்தால், மூதாட்டிக்கு உரிய வண்டி செங்கோட்டையில் மாலையில் புறப்பட்டு, தென்காசி, இராசபாளையம், திருவில்லிபுத்தூர், மதுரை வழியாகக் காலையில் சென்னை சேரும் பொதிகை விரைவு வண்டியே என்பது புலனாகும். அவர் வீட்டருகே அது பிறக்கிறது. அவர் சேரவேண்டிய நகரில் அது முடிகிறது. இடையில் ஓர் இரவு முழுவதும் உண்டு.

இவ்வண்டிகளின் பெயர்களையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். பொதிகை, நெல்லை, முத்துநகர், பாண்டியன், சேரன், மலைக்கோட்டை, சிலம்பு, சேது. அகத்தியர் மலையும், முத்துக் குளித்த துறையும், முடியுடை வேந்தர் இருவரும், காப்பியத்தின் காற்சிலம்பும் இரவுதோறும் நிலையங்களின் ஒலிபெருக்கியில் ஒலிக்கின்றன. கால அட்டவணையில் இத்துணை இலக்கியம் கலந்திருப்பது தமிழர்க்குப் பெருமை தருவதே.

வகுப்பும் படுக்கையும்

அடுத்து வருவது வகுப்பு. குளிர்வசதி இல்லாத படுக்கைப் பெட்டி, மூன்றடுக்குக் குளிர்வசதிப் பெட்டி, இரண்டடுக்குக் குளிர்வசதிப் பெட்டி, முதல் வகுப்புக் குளிர்வசதிப் பெட்டி என இவை நான்கு படிகளாக அமைந்துள்ளன. கட்டணம் படிதோறும் ஏறும். முதற்படியில் சன்னலைத் திறக்கலாம். காற்றும் வரும், புழுதியும் வரும், ஒவ்வொரு நிலையத்தின் தேநீர்க் குரலும் வரும். விரிப்பும் போர்வையும் பெரும்பாலும் பயணியே கொண்டுசெல்ல வேண்டும். குளிர்வசதிப் பெட்டிகளில் தலையணை, போர்வை, வெள்ளை விரிப்பு ஆகியன தரப்படுகின்றன. ஓசை குறைவு. ஆயினும் குளிர் சிலருக்கு ஒவ்வாது. மூட்டு வலியுள்ள முதியவர் ஒருவர் இரவெல்லாம் குளிரில் ஒடுங்கிக் கிடப்பதைவிட, மார்கழியில் சன்னலை மூடிவிட்டுப் படுக்கைப் பெட்டியில் செல்வதே நலம் தரக்கூடும். சித்திரை வெயிலில் மதுரையிலிருந்து புறப்படும் பெட்டி நள்ளிரவு வரை கனன்றுகொண்டிருக்கும். அப்போது கணக்கு மாறும். வகுப்பைக் கட்டணம் மட்டுமன்றிப் பருவமும் உடலும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும்.

வகுப்பினும் முதன்மையானது படுக்கையின் இடம். மூன்றடுக்குப் பெட்டியில் எட்டுப் படுக்கைகள் ஒரு தொகுதி. ஒன்று கீழ், இரண்டு நடு, மூன்று மேல். எதிரே நான்கு கீழ், ஐந்து நடு, ஆறு மேல். நடைவழிக்கு அப்பால் ஏழு பக்கக் கீழ், எட்டு பக்க மேல். எந்த எண்ணையும் எட்டால் வகுத்து மீதியைப் பார்த்தால் இடம் தெரிந்துவிடும். 36 என்றால் மீதி நான்கு, கீழ்ப்படுக்கை. 53 என்றால் மீதி ஐந்து, நடுப்படுக்கை. மீதியில்லாமல் வகுபட்டால் பக்க மேல். பழைய வடிவப் படுக்கைப் பெட்டியில் இத்தொகுதி ஒன்பது, ஆக 72 படுக்கைகள். பெரம்பூரில் 1955இல் தொடங்கப்பெற்ற பெட்டித் தொழிற்சாலை நெடுங்காலம் செய்துவந்த வடிவம் அது. 2018இல் அங்கு அவ்வடிவம் செய்வது நிறுத்தப்பட்டு, செருமானிய வடிவப் பெட்டிகள் செய்யப்படுகின்றன. அவற்றில் படுக்கைகள் 80. விபத்து நேர்ந்தால் ஒரு பெட்டிமேல் இன்னொன்று ஏறாதவாறு அவற்றின் இணைப்பு அமைந்திருப்பது பெரும் நன்மை.

பெட்டியின் இருமுனைகளிலும் உள்ள தொகுதிகள் கழிவறைக்கும் கதவுக்கும் அண்மையில் இருப்பவை. சக்கரத் தொகுதி அடியில் ஓடுவதால் அதிர்வும் மிகுதி. நடுத்தொகுதிகளே அமைதியானவை. ஆனால் இரவில் பலமுறை எழவேண்டிய முதியவருக்கு, கழிவறைக்கு மிகவும் தொலைவான இடமும் ஆகாது. மேற்படுக்கை இளைஞர்க்கு உகந்தது. ஏறிப்படுத்துவிட்டால் பிறர் எழுப்பமாட்டார். நடுப்படுக்கையில் படுப்பவர் அதனைத் தாங்கும் சங்கிலியும் கொக்கியும் சரியாகப் பொருந்தியுள்ளனவா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொள்வது அறிவுடைமை. அவர் பெரும்பாலும் பிறர் தயவில் வாழ்பவரும் ஆவார். கீழே இருப்போர் உட்கார்ந்திருக்கும்வரை அவர் படுக்க இயலாது. அவர் படுத்துவிட்டால் கீழே எவரும் நிமிர்ந்து உட்கார இயலாது. இப்பூசலைத் தீர்க்க, இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரையே துயில்நேரம் என்று 2017இல் விதி வரையறுக்கப்பட்டது.

சீட்டும் சட்டமும்

வண்டியும் இடமும் தெரிந்தபின் சீட்டுப் பெற வேண்டும். முன்பதிவுக் காலம் 120 நாளாக இருந்தது, 2024 நவம்பர் முதல் 60 நாளாகக் குறைக்கப்பட்டது. பொங்கல், தீபாவளி நாட்களுக்குத் தென்மாவட்ட வண்டிகளின் சீட்டுகள் பதிவு தொடங்கிய சில மணித்துளிகளில் தீர்ந்துபோவதைத் தமிழகம் ஆண்டுதோறும் காண்கிறது. காலம் தாழ்த்தியவர்க்கு, வண்டி புறப்படும் நாளுக்கு முதல்நாள் திறக்கும் தட்கல் முறை உண்டு. அதற்கும் தப்பினால் காத்திருப்போர் பட்டியல். இணையத்தில் பெற்ற சீட்டு, இறுதிப் பட்டியல் ஆயத்தமான பின்னும் முழுவதும் காத்திருப்பிலேயே நின்றால், அது தானே நீங்கிவிடும். அதைக்கொண்டு வண்டி ஏற முடியாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது பாதிப்பேறு. பக்கக் கீழ்ப்படுக்கை ஒன்றை இருவர் இரு இருக்கைகளாகப் பகிர்ந்துகொண்டு, முன்பின் அறியாதவர்கள் எதிரெதிரே முழங்கால் இடிக்க இரவைக் கழிப்பது.

மூத்தோர்க்குச் சட்டம் சில சலுகைகளை வைத்துள்ளது. கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் பெருந்தொற்றின்போது நிறுத்தப்பட்டது. ஆனால் 60 வயது நிறைந்த ஆடவர்க்கும் 45 வயது நிறைந்த மகளிர்க்கும் ஒவ்வொரு பெட்டியிலும் சில கீழ்ப்படுக்கைகள் ஒதுக்கப்படுகின்றன. இதில் பலரும் அறியாத நுட்பம் ஒன்று உண்டு. தனியாகவோ இருவராகவோ செல்லும் மூத்தோர்க்கே அவ்வொதுக்கீடு. ஒரே சீட்டில் மூத்தவரோடு இளையவர் ஒருவரையும் சேர்த்துப் பதிந்தால், கணிப்பொறி அவ்வொதுக்கீட்டைக் கருத்தில் கொள்வதில்லை. அன்னையைத் தனியே விடலாகாது என்று அன்போடு ஒரே சீட்டில் பதிவு செய்யும் மகனுக்கு, அவ்வன்பே தடையாகி, அன்னைக்கு மேற்படுக்கை வாய்க்கக்கூடும்.

தென்காசி மூதாட்டியின் மகன் இங்கே இருதலைக்கொள்ளி எறும்பாகிறார். தனித்தனியே பதிந்தால் அன்னைக்குக் கீழ்ப்படுக்கை பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் அவர் ஒரு பெட்டியிலும் மகன் வேறொரு பெட்டியிலும் ஆகலாம். சேர்த்துப் பதிந்தால் இருவரும் ஒன்றாக இருப்பர். ஆனால் அன்னை ஏணி ஏற வேண்டியிருக்கலாம். இதய நோயுள்ள ஒருவர் இரவில் தனியே உறங்குவதா, ஏற முடியாத இடத்தில் மகனருகே இருப்பதா? இவ்வினாவுக்குக் கணிப்பொறியிடம் விடை இல்லை. விடை அப்பெட்டியில் ஏறும் வேறு மனிதர்களிடம் இருக்கிறது.

மகன் தனித்தனியே பதிவதே சரி என்று கூறலாம். ஏனெனில் ஏணி இரக்கம் காட்டாது, மனிதர் காட்டுவர். வண்டியில் ஏறியபின், அன்னையின் பெட்டியில் தனியே செல்லும் இளைஞர் ஒருவரிடம், “தம்பி, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, என் இடத்துக்குப் போய்க்கொள்கிறீர்களா?” என்று கேட்டால், அவ்விளைஞர் தம் பையைத் தூக்கிக்கொண்டு எழுவதைத் தமிழகத்து வண்டிகளில் எவரும் கண்டிருப்பர். மறுப்பவரும் உண்டு. அவர்க்கும் ஒரு காரணம் இருக்கக்கூடும். பெறுவோர் தம் படுக்கையினும் தாழ்ந்த ஒன்றைக் கொடுத்து உயர்ந்த ஒன்றைக் கேட்காமல் இருப்பதும், பயணச்சீட்டுப் பரிசோதகரிடம் மாற்றத்தைச் சொல்லிவிடுவதும் இவ்வழக்கத்தின் நாகரிகம்.

பலகையிலிருந்து பஞ்சணை வரை

எல்லார்க்கும் படுக்கை என்பது இந்நாட்டு இருப்புப்பாதையில் தொடக்கத்திலேயே வந்துவிட்டதன்று. 1853இல் பம்பாயிலும் 1856இல் சென்னை இராயபுரத்திலும் வண்டி ஓடத் தொடங்கியது. அதன்பின் நெடுங்காலம், படுத்துச் செல்லும் உரிமை மேல்வகுப்பினர்க்கே இருந்தது. காந்தியடிகள் 1917இல் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்த பட்டறிவை எழுதியுள்ளார். 22 பேருக்கு என்று குறித்த பெட்டி அது, அதுவும் உட்காரத்தான். இரண்டு இரவுகள் அதில் கழிக்க வேண்டும். வழியில் கூட்டம் பெருகி, சிலர் அழுக்குத் தரையில் கிடந்தனர், சிலர் நின்றனர். மேல்வகுப்புக் கட்டணத்துக்கும் அதில் கிடைக்கும் வசதிக்கும் உள்ள பொருத்தம், மூன்றாம் வகுப்பில் ஏன் இல்லை என்பது அவர் எழுப்பிய வினா. துயில் அன்று செல்வர்க்கு விற்கப்பட்ட பொருளாக இருந்தது.

விடுதலைக்குப் பின் எளிய வகுப்பிலும் மூன்றடுக்குப் படுக்கை வந்தது. ஆயினும் அவை வெறும் மரப்பலகைகள். 1974இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் ஒழிந்தது. 1977 முதல் 1979 வரை இருப்புப்பாதை அமைச்சராக இருந்த மது தண்டவதே அவர்கள், இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பலகையின்மேல் இரண்டு அங்குல நுரைமெத்தை வைக்கச் செய்தார். மேல்வகுப்பைக் கீழிறக்காமல் கீழ்வகுப்பை மேலுயர்த்துவதே அவரது நோக்கம். இரண்டு அங்குலம் என்பது அளவால் சிறியது. ஆனால் பலகையில் இரவெல்லாம் புரண்டு எலும்பு நொந்த ஒரு தலைமுறை, இச்சிறு மாற்றத்தை நன்றியோடு நினைவுகூர்கிறது. நாட்டு மக்கள் பெருந்தொகையினரின் இரவுகளை இவ்வளவு நேரடியாகத் தொட்ட அரசாணைகள் மிகச் சிலவே.

இன்று காற்று வேறு திசையில் வீசுகிறது. பல வண்டிகளில் குளிர்வசதி இல்லாத படுக்கைப் பெட்டிகள் குறைந்து, அவ்விடத்தில் குளிர்வசதிப் பெட்டிகள் சேர்க்கப்பட்டுள்ளன. வசதி வளர்வது வரவேற்கத்தக்கதே. ஆனால் நாட்கூலிக்காரர் தாங்கக்கூடிய கட்டணத்தில் உள்ள படுக்கை சுருங்குமானால், அவர் மீண்டும் முன்பதிவற்ற பெட்டியின் தரைக்கே திரும்புவார். மகனின் சட்டைப்பையைப் பொறுத்தே அன்னையின் துயில் அமையும் நிலை, 1917க்குத் திரும்பும் பாதையாகிவிடக்கூடாது.

ஐரோப்பாவில் இதற்கு நேர்மாறான ஒன்று நிகழ்ந்ததையும் கருதலாம். வானூர்திகள் மலிந்ததால் இரவுப் படுக்கை வண்டிகள் அங்கே தேய்ந்துவந்தன. செருமானிய இருப்புப்பாதை 2016இல் தன் படுக்கை வண்டிகளையே கைவிட்டது. அவற்றுள் பலவற்றை ஆஸ்திரிய இருப்புப்பாதை ஏற்று, தொடர்ந்து ஓட்டி, மீண்டும் மக்களை ஈர்த்தது. வானூர்திப் புகையால் உலகம் வெம்மையுறுவது பற்றிய கவலையும் அதற்குத் துணைநின்றது. அங்கே மீட்டெடுக்க வேண்டியிருந்த ஒன்று இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் அருமை உணரப்பட வேண்டும்.

உறங்காதார்

வண்டியைத் தேர்ந்து, வகுப்பைத் தேர்ந்து, படுக்கையைத் தேர்ந்த பயணி விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறார். அதன்பின் அவர் தேர்வதற்கு ஒன்றுமில்லை. அவர் உயிர் இனி உறங்காத சிலர் கையில்.

1956 நவம்பர் 23 விடியற்காலை, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற விரைவு வண்டி அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. பெருமழை வெள்ளம் பாலத்தை அரித்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் உறக்கத்திலேயே நீரில் வீழ்ந்திருப்பர். அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்ற வண்டியைப் புயலலை கொண்டுபோயிற்று. அவ்வண்டியும் அவ்வூரும் அவ்விருப்புப்பாதையும் ஒரே இரவில் அழிந்தன. சென்னையில் ஏறித் தனுஷ்கோடியில் கப்பல் மாறிக் கொழும்பு சென்றோரைச் சுமந்த போட் மெயிலின் பழைய வழியும் அத்துடன் முடிந்தது.

இத்தகைய இரவுகளின் பாடமாகவே, மழைக்காலத்தில் தண்டவாளத்தின்மேல் நடந்து காவல்புரியும் பணியாளர் இன்றும் இருக்கின்றனர். கையில் விளக்கு, தோளில் பை. பாதை அரிப்புண்டதைக் கண்டால், எதிர்வரும் வண்டியை நிறுத்தத் தண்டவாளத்தில் பொருத்தும் வெடிகள் அப்பையில் இருக்கும். வண்டி முகப்பில் ஓட்டுநரும் துணை ஓட்டுநரும் ஒவ்வொரு கைகாட்டி விளக்கின் நிறத்தையும் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்கின்றனர். ஒருவர் கண் தவறினால் மற்றவர் செவி பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எந்திரத்திலும் விழிப்புக் கருவி ஒன்று உண்டு. ஏறத்தாழ ஒரு நிமிடம் அவர் எதையும் இயக்காமலிருந்தால் விளக்கு மின்னும். பின் ஒலி எழும். அதற்கும் அவர் அசையாவிடில் வண்டி தானே தடைபடும். ஆயிரம் பேர் உறங்குவதற்காக ஒருவரை உறங்கவிடாமல் காக்கும் கருவி அது.

அவரும் மனிதரே. தமக்குப் போதிய வார ஓய்வு வேண்டும், தொடர்ந்து இரண்டு இரவுகளுக்குமேல் பணி கூடாது என்று 2024இல் தென்னக இருப்புப்பாதை ஓட்டுநர்கள் குரல் எழுப்பினர். நல்ல வண்டியைத் தேடும் பயணி, அதன் ஓட்டுநர் முந்தைய இரவில் உறங்கினாரா என்பதை எந்த அட்டவணையிலும் காண இயலாது. கட்டணத்தையும் படுக்கையையும் குறித்துப் பேசும் சமுதாயம் அதையும் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அவருடைய ஓய்வு கருணையால் தரப்படும் சலுகையன்று. உறங்கும் ஒவ்வொருவரின் பாதுகாப்பும் அதில் அடங்கியுள்ளது.

மூதாட்டியை வண்டியில் ஏற்றியாயிற்று. இராசபாளையம் தாண்டுகிறது. கொண்டுவந்த புளியோதரைப் பொட்டலத்தை அவர் பிரிக்கிறார். எதிர்ப்படுக்கைப் பெண்ணுக்கும் ஒரு பிடி. அவ்வண்டை அமர்ந்திருந்த இளைஞர் மகனுக்கு இடம் மாறிக் கொடுத்துவிட்டுப் பையோடு போகிறார். பத்து மணிக்கு விளக்கணைகிறது. மருந்துப் பொட்டலம் தலைமாட்டில். செருப்பு, கால் துழாவினால் எட்டும் இடத்தில். மேலே மகன். அவர்கள் ஊரையும் பெயரையும் அறியாத யாரோ ஒருவர் எங்கோ ஒரு பாலத்தின்மேல் விளக்கோடு நடந்துகொண்டிருக்கிறார்.

பழைய ஆற்றுப்படை, வழிநடந்தவன் ஒருவன் வாசற்கதவு அடையாத வள்ளலைச் சென்று சேர்வதோடு நிறைவுறும். இவ்வாற்றுப்படையில் வள்ளல் இறுதியில் இல்லை. இடம் விட்டுக்கொடுத்த இளைஞராகவும், விளக்கேந்தி நடப்பவராகவும், கைகாட்டியின் நிறத்தை உரக்கச் சொல்பவராகவும் அவர் வழிநெடுக இருக்கிறார். நல்ல வண்டியைத் தேர்வது பயணியின் கடமை. அதில் எல்லார்க்கும் துயில் வாய்க்கச் செய்வது நாட்டின் கடமை. இவ்விரண்டும் நிறைவேறும் வண்டியில், மூதாட்டி காலையில் சென்னையில் இறங்கி, மருத்துவமனைக்கு நேரத்தோடு சென்று சேர்வார்.